கவட்டைக்குள் நின்றவன்

கணவனுடைய இடது கால் போன அன்று வின்ச்சின் கைப்பிடி அவள் கையில்தான் இருந்தது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, அவளுக்கும் கிடையாது. கால் போவதற்கு ஒரு மூச்சு முன்னால் அவனுடைய கை என்ன சொன்னது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

இருவரும் ஒரே மரக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். வெட்டுவதற்கென்றே வளர்த்த மரங்கள் மலைச்சரிவு முழுக்க வரிசை பிடித்து நிற்கும். அவன் செயின்சாவால் மரத்தைச் சாய்ப்பான். அவள் மேலே மண்பாதையில் நிறுத்திய டிராக்டரில் உட்கார்ந்து, அதன் முதுகில் பொருத்திய வின்ச்சால், சாய்ந்த மரத்தைப் பாதைக்கு இழுத்துக்கொண்டு வருவாள். வின்ச் என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கிணற்று ராட்டினத்துக்குப் பெரியப்பா முறை. ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய எஃகு வடம், சுற்றுவதற்கு மாட்டுக்கும் மனுஷனுக்கும் பதிலாக டிராக்டரின் இன்ஜின்.

முதலில் அவள் மரங்களுக்கு பெயிண்டில் நம்பர் போடும் வேலையில்தான் சேர்ந்தாள். வின்ச் ஓட்டியவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். ஆறே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஒன்பது வருடம் ஓட்டினாள். அந்த நாள்வரை வடம் அறுந்ததில்லை, ஓர் ஆளுக்குக் கீறல் விழுந்ததில்லை. அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட "வின்ச்சக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கணவனுக்கு "அளவுகோல்" என்று பெயர். தரையில் ஒரு தொப்பியைக் கழற்றி வைத்து, மரத்தின் நுனி இதன்மேல் விழவேண்டும் என்றால் விழவைப்பான். இருபது வருடத்தில் அவன் சாய்த்த மரம் ஒன்றுகூடக் குறி தப்பியதில்லை என்று சொல்வார்கள். தப்பியபோதெல்லாம் காற்றோ, பக்கத்து மரமோ, ரம்பத்தின் பல்லோ, வேறு யாராவது வந்து பழியை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அதே கதைதான். அவன் வைத்த இடத்தில் சாவி இல்லையென்றால், சாவியை யாரோ நகர்த்தியிருக்க வேண்டும். வீட்டில் இருந்தது அவனும் அவளும் அவனுடைய தங்கையும். அப்படியானால் அந்த யாரோ யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை.

மரத்தை எப்போதும் நேர்கோட்டில் இழுக்க முடியாது. வழியில் பாறை இருக்கும், பள்ளம் இருக்கும். அப்போது ஓர் அடிமரத்தைச் சுற்றி வாரைக் கட்டி, அந்த வாரில் ஒரு பெரிய கப்பியை மாட்டி, கப்பி வழியாக வடத்தை வளைத்து இழுப்பார்கள். டிராக்டரிலிருந்து கப்பிக்கு ஒரு கோடு, கப்பியிலிருந்து மரத்துக்கு ஒரு கோடு. இரண்டும் சேர்ந்து பையன்கள் கல்லடிக்கும் கவட்டை மாதிரி விரிந்து நிற்கும். அந்த இடத்துக்கே வேலைக்காரர்கள் "கவட்டை" என்று பெயர் வைத்திருந்தார்கள். வார் அறுந்தால் கப்பிதான் கல். அது பறப்பது கவட்டையின் உள்பக்கமாக. ஆகவே கவட்டைக்குள் நிற்காதே, நடக்காதே, குனிந்து ஒரு சுள்ளியைக்கூடப் பொறுக்காதே. வேலைக்குச் சேரும் முதல்நாள் சொல்லித் தரும் முதல் பாடமே இதுதான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். முந்தைய நாள் மழையில் சரிவு வழுக்கிக்கொண்டிருந்தது. இழுத்த மரம் பாதி வழியில் ஒரு பாறையில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மரத்துக்குச் சங்கிலி மாட்டுகிற ஒல்லியான ஆள், எல்லோருக்கும் அவன் வெறும் "சங்கிலி"தான், கொக்கியைச் சரிசெய்துவிட்டுத் தள்ளிப் போனான். பாறைக்குப் பின்னால் என்ன சிக்கல் என்று பார்க்க அளவுகோல் கிளம்பினான். சுற்றிக்கொண்டு போனால் ஐந்து நிமிடம். கவட்டைக்குள் புகுந்தால் பத்து எட்டில் போய்விடலாம். அவன் புகுந்தான். நடுவில் நின்று, மரத்தை எட்டிப் பார்த்து, திரும்பி மேலே அவளைப் பார்த்தான்.

அவள் நீளமாக ஹாரன் அடித்தாள். வெளியே வா என்று அர்த்தம்.

அவன் வரவில்லை. தலைக்கு மேலே கையைத் தூக்கி முஷ்டியைச் சுழற்றினான். சுழற்றினால் இழு, உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து. சின்னக் குழந்தைக்கும் புரியும் பாஷை. அவள் இழுக்கவில்லை. அவன் மறுபடி சுழற்றினான், இந்தத் தடவை பெரிதாக, செவிடிக்குச் சொல்வதுபோல. அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: இழுக்காவிட்டால் சாயங்காலம் வரை இதுதான் பேச்சு. எல்லார் முன்னாலும் கேட்பான். "எனக்கு நீ வேலை கத்துத் தர்றியா?" என்று கேட்பான்.

கைப்பிடியை இழுத்தாள்.

வார் அறுந்த சத்தம் இன்ஜின் சத்தத்தில் கேட்கக்கூட இல்லை. தண்ணீர்க் குடம் கனத்தில் இருந்த கப்பி இடுப்புயரத்துக்கும் கீழே தாழப் பறந்து போனதை மட்டும் பார்த்தாள். அவன் நின்ற இடத்தில் அடுத்த நொடி அவன் நிற்கவில்லை.

சங்கிலியும் அவளும்தான் அவனைத் தூக்கினார்கள். அவள் தன் சட்டையின் கையைக் கிழித்து முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரி போகும்வரை அந்த முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. உயிர் மிஞ்சியதே அந்தக் கட்டினால்தான் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொன்னது அவளிடம் மட்டும். பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

நான்காவது நாள் விபத்தை விசாரிக்கப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லாத மனிதர். ஆனால் மரியாதையாகப் பேசினார். ஆபீஸ் அறையில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"அவர் உள்ள நின்னது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். ஹாரன் அடிச்சேன். அவர் இழுன்னு கை சுத்தினாரு. ரெண்டு தடவ சுத்தினாரு. இழுத்துட்டேன். இழுத்திருக்கக் கூடாது."

"நீங்களே சொல்றீங்க, இழுத்திருக்கக் கூடாதுன்னு."

"ஆமா சார். யார் சொன்னாலும் இழுத்திருக்கக் கூடாது. அது என் தப்பு. ஆனா அவர் இழுன்னுதான் காட்டினாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவள் அவருக்கு முன்னாலேயே அங்கே போய், பிளாஸ்கிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அளவுகோல் தலையணையில் சாய்ந்து கிடந்தான். இடது பக்கம் போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது.

"நீங்க என்ன சைகை காட்டினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

அவன் விட்டத்தில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். "கைய விரிச்சுக் காட்டினேன் சார். நிறுத்துன்னு. அவ கவனிக்கல."

டம்ளர் நிறைந்து வெந்நீர் அவள் விரல்மேல் வழிந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. அவன் குடிப்பதற்காக நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

மிச்சமிருந்தது சங்கிலி. "நான் குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிட்டிருந்தேன் சார், ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டான்.

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வந்தது. நிறுத்தச் சொல்லியும் இயக்கியவர் இழுத்தார்; லைசென்ஸ் ரத்து. இழுக்கச் சொன்னதால் இழுத்தவள் என்றால் கவனக்குறைவு. நிறுத்தச் சொல்லியும் இழுத்தவள் என்றால் அதற்கு என்ன பெயர் என்று காகிதத்தில் எழுதவில்லை. ஊர் தானாகவே வைத்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லிவிட்டே நின்றதால் அடிபட்டவர்மீது தவறில்லை, குணமானதும் அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை தரப்படும் என்றும் அதே காகிதத்தில் இருந்தது.

அவன் வீட்டுக்கு வந்த மறுநாள், தங்கை துணி துவைக்கப் போன நேரத்தில், அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"ஏங்க, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வலி. மருந்து வேற. என்ன சொன்னேன்னே தெரியல."

"இப்பதான் வலி கொறஞ்சிடுச்சே. இப்பச் சொல்லலாமே."

அவன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "இப்ப மாத்திச் சொன்னா, என் தப்புன்னு ஆயிடும். உட்கார வேலையும் கிடைக்காது. உனக்கும் லைசென்ஸ் திரும்ப வராது, நீயும்தானே இழுத்த? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து சுவரப் பாத்துட்டு இருக்கலாமா?" என்றான்.

நாத்தனார் வாளியோடு உள்ளே வந்தாள். அவள் காதுக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல.

"அண்ணி, போன கால் வரவா போகுது? ஒருத்தர் பேராவது நல்லபடியா இருக்கட்டுமே."

"அந்த ஒருத்தர் ஏன் நானா இருக்கக் கூடாது?"

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு ரெண்டு காலும் இருக்கு அண்ணி" என்றாள்.

அன்று வாயை மூடியவள் அந்தப் பேச்சைப் பல மாதம் எடுக்கவில்லை.

கம்பெனி அவளை வண்டி கழுவும் கொட்டகையில் போட்டது. டிராக்டர், லாரி, மரம் ஏற்றும் கிரேன், எல்லாம் வாரத்துக்கொரு முறை மண்ணும் பிசினுமாக வந்து நிற்கும். அழுத்தக் குழாயால் அடித்துக் கழுவவேண்டும். லைசென்ஸ் தேவையில்லாத வேலை அது ஒன்றுதான். "வின்ச்சக்கா" என்று கூப்பிட்டவர்கள் "அளவுகோல் வீட்டுக்காரம்மா" என்று மாற்றிக்கொண்டார்கள். அதுகூட முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. "அவகிட்ட கையக் காட்டாதடா, கால எடுத்துடுவா." நல்ல நகைச்சுவைதான். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுப்பாள். அடுப்படியில் நின்றபடி அவன் சொல்வதைக் கேட்பாள். முதல் மாதம் அவன் ஒரு கையை விரித்துக் காட்டியிருந்தான். இரண்டாம் மாதம் இரண்டு கையும் விரிந்துவிட்டன. மூன்றாம் மாதம் "நிறுத்து, நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேன்" என்பதும் சேர்ந்துகொண்டது. வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். போகும்போது அவளைப் பார்க்காமல் அவளிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மத்தியானம் சங்கிலி கொட்டகைக்கு வந்தான். கழுவ வண்டி எதுவும் கொண்டுவரவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பாத்தேன்க்கா."

"எத?"

"அண்ணன் கை சுத்தினத. ரெண்டு தடவ. பூட்ஸ் கயிறெல்லாம் சும்மா சொன்னது."

"சரி. இத யார்கிட்ட சொல்லப் போற?"

அவன் விழித்தான். "உங்ககிட்டதான்க்கா சொல்றேன்."

"எனக்குத்தான் தெரியுமே. நான்தானே மேல உக்காந்திருந்தேன்."

"இல்லக்கா, மனசு உறுத்திட்டே இருந்துச்சு. அண்ணனுக்குக் காலும் போயி, பேரும் போகணுமான்னுதான் அன்னைக்கு... நீங்க என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"கொஞ்சம் தள்ளி நில்லு" என்று அவள் குழாயைத் திறந்தாள். "நனைஞ்சிடுவ."

அவன் தள்ளி நின்றான்; பிறகு இன்னும் தள்ளி; பிறகு போய்விட்டான். அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. எப்படியோ பாரத்தை இறக்கிவைத்துவிட்டான் அல்லவா?

செயற்கைக் கால் பொருத்தி, ஊன்றுகோலோடு அளவுகோல் நடக்க ஆரம்பித்தபோது வருடம் ஒன்று ஓடியிருந்தது. மேஸ்திரி ஒரு காலை நேரத்தில் வீட்டுக்கே வந்தார். வாயெல்லாம் பல்.

"புது வின்ச் டிராக்டர் வந்திருக்குப்பா. கண்ணாடிக் கேபின், சுத்திக் கம்பி வலை. கால் மிதியே கிடையாது, எல்லாம் கைப்பிடிதான். உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நீதான் ஓட்டப் போற." பிறகு தேநீர் கொண்டுவந்த அவள் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, உன் சீட்டு வீட்ட விட்டு வெளிய போகல!" என்று சொல்லித் தன் தொடையில் தட்டிச் சிரித்தார். நல்ல மனிதர்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

வண்டியை விற்ற கம்பெனியின் ஆள் மூன்று நாள் பயிற்சி கொடுத்தான். லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் அளவுகோல் வீட்டுக்கு வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வடம் இறுகும் சத்தம் கேட்டாலே மெதுவாக இழுக்க வேண்டிய இடத்தில் வெடுக்கென்று இழுக்கிறான், ஒரு வாரத்தில் இரண்டு வாரைக் கிழித்துவிட்டான் என்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் புது வண்டியைக் கழுவும்போதே தெரிந்தது. உருளையில் வடம் கண்டபடி ஏறி, ஒன்றின்மேல் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். இருபது வருடத்தில் அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"இந்தா... அந்த வின்ச் விஷயமா ஒண்ணு கேக்கணும். நீ எப்படி இழுப்பன்னு கொஞ்சம் சொல்லேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஆபீஸுக்குச் சொல்ல வேண்டாம். இந்த அடுப்படியில, எனக்கு மட்டும். அன்னைக்கு உங்க கை என்ன காட்டிச்சு?"

அவன் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்த கள்ளம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"சத்தியமா எனக்கு இப்பத் தெரியல. கண்ண மூடினா விரிச்ச கைதான் வருது. இத்தனை பேர்கிட்ட இத்தனை தடவ சொல்லிட்டேன். வேற எதுவும் வர மாட்டேங்குது."

அவன் பொய் சொல்கிறான் என்றால் சண்டை போடலாம். அவன் பொய் சொல்லவில்லை. பொய்யைத் தின்று செரித்து, ரத்தத்தில் கலந்துவிட்டான். இனி அவனிடமிருந்து வாங்குவதற்கு அந்த உண்மை அவனிடமே இல்லை என்று அவளுக்குப் புரிந்தபோது, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சொல்லித்தர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மனதில் அதுதான் இருந்தது. ஆனால் சரிவில் வடத்தைச் சுற்றி நடமாடுகிறவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் வீடு இருந்தது, வீட்டில் ஆள் இருந்தது. சங்கிலியும் அந்த ஏழில் ஒருவன். அவனுக்கும் இரண்டு கால்.

"உக்காருங்க" என்றாள்.

மேஜைமேல் பூட்ஸ் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டாள். நூல்கண்டை உருளையாக்கினாள், வளையலைக் கப்பியாக்கினாள், தீப்பெட்டியை மரமாக்கினாள். முதலில் தொய்வை எடுக்கவேண்டும், அப்புறம்தான் இழுக்கவேண்டும் என்று காட்டினாள். இன்ஜினின் குரல் தடிக்கும்போது விட்டுவிடவேண்டும். மரம் வரமாட்டேன் என்றால் மல்லுக்கு நிற்கக் கூடாது, இறங்கிப் போய் வேறு பக்கம் கப்பியைக் கட்டவேண்டும். தினமும் காலையில் வாரைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவவேண்டும். நூல் பிரிந்தது விரலுக்குத்தான் தெரியும். ஐந்து ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்தாள். அவன் கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். கடைசி நாள் அவள் சொன்னாள்:

"கை என்ன சொல்லுதுன்னு பாக்காதீங்க. கால் எங்க நிக்குதுன்னு பாருங்க. கால் கவட்டைக்குள்ள இருந்தா, கை சாமியோட கையா இருந்தாலும் இழுக்காதீங்க."

அவன் தலையாட்டினான். அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவனுக்கு உறைத்ததா இல்லையா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த மரவெட்டி ஒருவன் அதேபோலக் கவட்டைக்குள் நின்றுகொண்டு கையைச் சுழற்றினான். அளவுகோல் இன்ஜினையே அணைத்துவிட்டு, கேபினிலிருந்து இறங்கி, ஊன்றுகோலோடு சரிவின் விளிம்புக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினான். மரவெட்டி வெளியே வந்தான். வாரைச் சோதித்தபோது அது பாதிக்குமேல் கிழிந்திருந்தது. அன்றே செய்தி கம்பெனி முழுக்கப் பரவியது. மேலதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள், அளவுகோலுக்குச் சால்வை போர்த்தினார்கள், ஒரு கேடயம் கொடுத்தார்கள். குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் நாத்தனாரும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் கேக்கறீங்க, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு. பட்டவனுக்குத்தான் தெரியும். நான் நிறுத்து நிறுத்துன்னு கைய விரிச்சும் வடத்த இழுத்தாங்க. அப்போ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே யோசிச்சேன். நமக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணுதான்: கையப் பாக்காத, கால் எங்க நிக்குதுன்னு பாரு!"

கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. பாதுகாப்பு அதிகாரி அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "இழுத்தாங்க" என்று மரியாதையாகச் சொன்னானே, பெயரைச் சொல்லவில்லையே என்று நாத்தனார் பெருமையோடு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். "பாவம், புருஷன் பேசினதக் கேட்டுக் கண்ணு கலங்கிடுச்சு" என்று ஓர் அம்மாள் சொல்வது கேட்டது.

அடுத்த வாரம் அந்த வரியைக் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். எழுத வந்த பெயிண்டர், சுவர் அழுக்காக இருக்கிறது, கழுவிக் கொடுங்கள் என்றான். அவள் கழுவிக் கொடுத்தாள். சுவர் காய்வதற்குள் மேஸ்திரியிடம் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் ஒரு பையில் துணியை அடுக்கியபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போற?"

"வேலை தேடி."

"இங்க என்ன கொறச்சல்? உன்ன ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? கால எடுத்தவன்னு ஒருநாளாவது குத்திக் காட்டியிருக்கேனா?"

அவள் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். "இல்லங்க" என்றாள். "அதான் தாங்க முடியல."

அவனுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

பஸ்ஸில் ஆறு மணிநேரப் பயணத்தில் ஒரு பெரிய மரக் கிடங்கு இருந்தது. லாரிகளிலிருந்து மரத்தை இறக்க நான்கு கிரேன்கள் ஓடின. மேலாளர் ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவள்.

"ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கீங்க. லைசென்ஸ் ஏன் ரத்தாச்சு?"

"ஒரு ஆள் வடத்துக்கு உள்பக்கம் நிக்கறப்ப இழுத்துட்டேன். கால் போயிடுச்சு."

"தெரியாம இழுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான். அவர் இழுன்னு கை காட்டினாரு. நான் வண்டிய அணைச்சிருக்கணும். அணைக்கல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினாள். "இங்க வேலை கேட்டு வர்றவங்க யாரும் இப்படிச் சொன்னதில்ல. எல்லாருக்கும் பிரேக் பிடிக்காம போயிருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "கிரேன் தர முடியாதும்மா. எங்க ரூல் அப்படி. மரத்துக்கு நம்பர் போடற வேலை இருக்கு. பாக்கறீங்களா?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த அதே வேலை. அவள் பெயிண்ட் டப்பாவை வாங்கிக்கொண்டாள். கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், பொதுக் குழாய். அங்கே அவளை யாரும் யாருடைய வீட்டுக்காரம்மா என்றும் கூப்பிடவில்லை. பெயிண்ட்காரம்மா என்றார்கள். நேர்கோட்டில் மரம் இறங்கும்போது வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். கிரேன்காரன் வெடுக்கென்று தூக்கினால் வலது கை தானாக இல்லாத கைப்பிடியை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, வீடு வீடா இல்ல. எப்ப வர்றீங்கன்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு."

"அவரக் கேக்கச் சொல்லு."

"பக்கத்துலதான் இருக்காரு."

"அப்ப குடு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் எதிலோ இடித்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒரு வார்த்தை வரப்போகிறது என்று நினைத்து அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வின்ச்சோட பிரேக் பட்டை இருக்கில்ல," என்றான் அவன், "அத எத்தனை மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும்?"

"ஆறு மாசம்" என்றாள். "மழை காலத்துல நாலு."

"சரி" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டு, கையில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தாள்.